வளர்ந்த பிள்ளைக்கு நிலையான வீடு: எந்த ஏற்பாடு எங்கே உடையும்?

1983-இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஓர் அறிவுத்திறன் குறைபாடு) உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது. இன்று அது 60-ஐத் தொட்டிருக்கிறது. பிறவி இதயக் கோளாறுகளுக்குச் சிறு வயதிலேயே அறுவை சிகிச்சை செய்ய முடிந்ததும், இவர்களைப் பெரிய விடுதிகளில் கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் குறைந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு என்று எதை எடுத்தாலும் பெற்றோரின் காலத்தைத் தாண்டி வாழப்போகும் பிள்ளைகள் நிறையப் பேர். மகனுக்கு 30, அம்மாவுக்கு 62 என்றால், அம்மா இல்லாமல் அவன் வாழப்போகும் வருஷங்களை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த வருஷங்களுக்கு இடம் தேடக் கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் கட்டடத்தைத்தான் ஒப்பிடுகின்றன. அறை காற்றோட்டமாக இருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா, பணியாளர்கள் சிரித்த முகமாக இருக்கிறார்களா. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஐந்தாறு வருஷத்தில் மறுபடி தேட வேண்டி வரலாம். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: இந்த ஏற்பாடு எதனால் உடையும்? உடையும்போது பிள்ளைக்கு வீடு போகுமா, கவனிப்பு போகுமா, இல்லை இரண்டும் ஒரே நாளில் போகுமா? ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் ஏற்பாடுதான் நிலையானது. கீழே சொல்லப்போகும் எல்லா வழிகளையும் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

"தங்கச்சி பார்த்துப்பா"

உலகம் முழுக்க அதிகக் குடும்பங்கள் வைத்திருக்கும் திட்டம் இதுதான். திட்டம் என்று சொல்வதே அதிகம். பல வீடுகளில் அந்தத் தங்கச்சியிடம் யாரும் கேட்டதே இல்லை. அவள் மறுத்துப் பேசாததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் உள்ள நல்லது பெரியது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டால் அது கோபமா, பல்வலியா என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பயிற்சி பெற்ற பணியாளருக்கும் இது வர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் கூரை, கவனிப்பு இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அவளுக்கு வேலை மாற்றம் வந்தால், கணவன் வீட்டில் ஒத்துவராவிட்டால், அவளுக்கே முதுகு பிடித்துக்கொண்டால் எல்லாம் சேர்ந்து விழுகிறது. எண்பது கிலோ எடையுள்ள ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதையும், இரவில் இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பதையும் அம்மா முப்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருப்பார். காலையில் வேலைக்குப் போகிற தங்கை இதை ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதைவிட மோசம், நேரம். இந்த வழியில் மாற்றம் நடப்பது அம்மா இறந்த பிறகுதான். அம்மா போன அதே வாரம் வீடும் போகிறது, படுக்கையும் போகிறது, தினமும் பார்த்த முகங்களும் போகின்றன. தங்கையால் முடியாமல் போனால் அவசரத்துக்கு எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே சேர்ப்பார்கள். அந்த இடத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, அப்படியானால் கூடப்பிறந்தவர்களுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு வேலையில். குளிப்பாட்டுவதையும் மருந்து கொடுப்பதையும் வேறு யாராவது சம்பளத்துக்குச் செய்யலாம். முன்னறிவிப்பில்லாமல் போய் நிற்பது, கணக்கைப் பார்ப்பது, மருத்துவரிடம் கூடப் போவது, நிர்வாகத்தோடு தேவைப்பட்டால் சண்டை போடுவது — இதற்குச் சம்பளம் வாங்காத ஒருவர் வேண்டும். தங்கையை இந்த இடத்தில் வையுங்கள். அவளையும் தனியாக விடக் கூடாது. கனடாவின் வான்கூவர் பகுதியில் 1989-இல் சில பெற்றோர் சேர்ந்து தொடங்கிய பிளான் என்ற அமைப்பு இதைத்தான் முக்கிய வேலையாக வைத்துக்கொண்டது: ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் நாலைந்து நண்பர்கள், உறவினர்கள், அக்கம்பக்கத்தார் கொண்ட ஒரு வட்டத்தைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே உருவாக்கிவைப்பது. வீடு எந்த வகையாக இருந்தாலும் இந்த வட்டம் தேவை.

வீடு யார் பெயரில்?

சொந்த வீடு இருக்கும் குடும்பங்களுக்கு முதலில் தோன்றுவது, வீட்டைப் பிள்ளை பெயரிலேயே எழுதிவைத்துவிடலாம் என்பது. யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது என்ற நிம்மதி. ஆனால் பெயரில் இருப்பதை எழுதி வாங்கவும் முடியும். ஆசை வார்த்தை பேசிக் கையெழுத்து வாங்க ஒரு உறவினர் போதும். வரி, பழுதுபார்ப்பு, கூரை ஒழுகல் எல்லாமே உரிமையாளர் தலையில்தான் வரும். இன்னொரு பக்கம், அரசு உதவி பெறச் சொத்து வரம்பு உள்ள நாடுகளில் பணத்தை நேரடியாகப் பிள்ளை பெயரில் வைத்தால் உதவியே நின்றுபோகலாம். அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. என்ற மாத உதவிக்கு ஒருவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது. குடியிருக்கும் வீடு அந்தக் கணக்கில் வராது. அதாவது வீட்டை எழுதிவைக்கலாம், அந்த வீட்டைப் பராமரிக்கும் பணத்தை எழுதிவைத்தால் சிக்கல். இந்த நுணுக்கம் தெரியாமல் எழுதப்பட்ட உயில், நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டதாக இருந்தாலும், கெடுதல் செய்யும்.

இரண்டாவது வழி, ஆயுள்கால அனுபவ உரிமை. வீடு கடைசியில் தங்கைக்கோ அவள் பிள்ளைகளுக்கோ போகும். ஆனால் அண்ணன் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கும் உரிமை அவனுடையது. எளிமையானது, செலவு குறைவு. ஒரு குறை உண்டு: அவனுடைய தேவை மாறி, மாடிப்படி இல்லாத இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டி வந்தால் இந்த உரிமையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பத்திரம் எழுதும்போதே, வீட்டை விற்றால் வரும் பணத்தில் அவனுக்கு மாற்று வீடு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டிரஸ்ட். வீடும் பணமும் டிரஸ்டின் பெயரில், பிள்ளை பயனாளி, எதற்கு எவ்வளவு செலவு என்று முடிவெடுக்கும் அதிகாரம் டிரஸ்டிகளுக்கு. சொத்து வரம்புச் சிக்கலையும், ஏமாற்றி எழுதி வாங்கும் ஆபத்தையும் இது ஒருங்கே தீர்க்கும். இத்தாலியில் 2016-இல் வந்த 112-ஆம் எண் சட்டம், பெற்றோர் இல்லாத காலத்துக்கான இப்படிப்பட்ட டிரஸ்டுகளுக்கு வரிச் சலுகையே கொடுக்கிறது. என் ஓட்டு டிரஸ்டுக்குத்தான், இரண்டு நிபந்தனைகளோடு. டிரஸ்டிகளில் ஒருவராவது பெற்றோரைவிட ஒரு தலைமுறை இளையவராக இருக்க வேண்டும். கவனிப்புச் சேவை தரும் நிறுவனத்தின் ஆள் டிரஸ்டியாக இருக்கக் கூடாது. சேவையைக் கொடுப்பவரே கட்டணத்தை எடுத்துக்கொடுப்பவராகவும் இருந்தால் கேள்வி கேட்க ஆள் இல்லை.

இதையொட்டி ஒரு விஷயம். பல நாடுகளில் பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகச் சட்டப் பாதுகாவலராகத் தொடர முடியாது. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உள்ளூர்க் குழு மூலம் பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது. ஆனால் 2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை வேறு திசையில் போகச் சொல்கிறது: அவருக்குப் பதிலாக முடிவெடுக்காதீர்கள், அவர் முடிவெடுக்க உதவுங்கள் என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. 19-ஆம் பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உண்டு, ஒரு குறிப்பிட்ட வகை இருப்பிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பிள்ளைக்குப் பேச்சு வராவிட்டாலும் இது பொருந்தும். இரண்டு இடங்களில் தங்கிப் பார்த்த பிறகு, எந்த வாசலில் காரைவிட்டு இறங்க மறுக்கிறான் என்பதும் ஒரு பதில்தான்.

தனி வீடு, பக்கத்தில் ஆள்

தன் வேலைகளை ஓரளவு தானே செய்துகொள்ளக்கூடியவர்களுக்கு என் முதல் தேர்வு இது. 1990-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கீரிங் என்ற அமைப்பின் முறை எனக்குப் பிடிக்கும். நடந்து போகும் தூரத்துக்குள் ஒன்பது பேர் அவரவர் வாடகை வீட்டில் இருப்பார்கள். அதே பகுதியில் ஒரு தன்னார்வலரும் குடியிருப்பார். அவர் வாரத்தில் சில மணி நேரம் கடிதம் படித்துக் காட்டுவது, பில் கட்ட உதவுவது, இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் என்றால் பேசித் தீர்ப்பது என்று செய்வார். உறுப்பினர்களும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்கள். வாடகை ஒப்பந்தம் அவரவர் பெயரில் என்பதால், தன்னார்வலர் மாறினாலும் யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. நான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்லும் ஏற்பாடு வேறில்லை.

இது உடையும் இடம் தனிமை. வீடு இருக்கும், கதவைத் தட்ட ஆள் இருக்காது. வலிப்பு வருகிறவர், இரவில் உதவி தேவைப்படுகிறவர் ஆகியோருக்கு இது போதவும் போதாது. அவர்களுக்கு அதே தனி வீட்டில் 24 மணி நேரமும் ஆள் வைக்கலாம்; செலவு பல மடங்காகும், ஆட்களின் முறை மாற்றத்தை யார் கவனிப்பது என்ற தலைவலியும் சேரும்.

இன்னொரு குடும்பத்தோடு

வேறொரு குடும்பம் தன் வீட்டிலேயே இவருக்கு ஓர் அறை கொடுத்து, உதவித்தொகை வாங்கிக்கொண்டு, வீட்டு ஆளாக வைத்துக்கொள்வது. பெல்ஜியத்தின் கீல் நகரம் மனநலச் சிக்கல் உள்ளவர்களை இப்படி வீடுகளில் தங்க வைப்பதை நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறது. 1930களின் இறுதியில் அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடும்பங்களோடு இருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது. பெண்கள் வேலைக்குப் போவதும், வீடுகள் சிறியதாவதும் எல்லா ஊரிலும் நடக்கிறதே. பொருத்தம் அமைந்தால் இதைவிட இயல்பான வாழ்க்கை கிடையாது. ஆனால் உடைந்தால் இரண்டும் ஒன்றாகப் போகிறது. இளம் வயதில் சில வருஷங்களுக்குப் பழகும் கட்டமாக இதை எடுத்துக்கொள்ளலாம், முப்பது வருஷத் திட்டமாக அல்ல.

குழு இல்லம், கிராமம், விடுதி

குழு இல்லம் என்ற பெயரில் நாலு பேர் இருக்கும் வீடும் உண்டு, நாற்பது பேர் இருக்கும் கட்டடமும் உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். அயர்லாந்தில் 2011-இல் வந்த அரசு அறிக்கை, 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்திருந்தாலே அதைப் பெருங்கூட்ட இருப்பிடமாகக் கணக்கிட்டு, அங்கிருந்து வெளியேற்றத் திட்டம் போட்டது. ஸ்வீடன் பெரிய விடுதிகளை 1999 இறுதிக்குள் மூடச் சட்டமே கொண்டுவந்தது. அங்கே இப்போதுள்ள குழு இல்லம் என்றால் சாதாரணமாக ஐந்து பேர் அளவில்தான். ஒவ்வொருவருக்கும் சொந்தச் சமையல் மூலை, குளியலறையோடு சிறு குடியிருப்பு, வாடகை ஒப்பந்தம். பொதுக் கூடமும் பணியாளர் அறையும் தனி. ஒரே வாசலுக்குள் ஐந்து தனி வீடுகள். இரவு உதவி தேவைப்படுகிறவர்களுக்கு இதுதான் செலவுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் நிற்கும் வழி.

பெரிய வளாகங்கள், கிராம சமூகங்கள் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். 1940-இல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் அருகே தொடங்கிய கேம்ப்ஹில், 1964-இல் பிரான்ஸில் தொடங்கிய லார்ஷ் இரண்டுமே, இவர்களைப் பராமரிக்கப்படும் பொருளாகப் பார்க்காமல் கூடி வாழும் ஆட்களாகப் பார்த்தன. அங்கே தோழமை கிடைக்கிறது, வேலை கிடைக்கிறது. தனி வீட்டில் கிடைக்காதவை அவை. ஆனால் ஒரு மகானின் பெயரை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. லார்ஷ் நிறுவனர் ழான் வனியே 2019-இல் இறந்தபோது உலகமே போற்றியது; அடுத்த வருஷமே, அவர் பல பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணையில் கண்டறிந்து வெளியிட்டது. அந்தப் பெண்கள் மாற்றுத்திறனாளிகள் அல்ல. அமைப்பே தன் நிறுவனரைப் பற்றி உண்மையைச் சொன்னது பாராட்டத்தக்கதுதான். நமக்குப் பாடம், யாருடைய நல்ல பெயரும் ஒரு புகார்ப் பெட்டிக்கும் வெளியாள் சோதனைக்கும் ஈடாகாது என்பது.

இன்னும் கூர்மையான ஓர் எடுத்துக்காட்டு, இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே இருந்த விண்டர்போர்ன் வியூ என்ற, அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை. 2011-இல் பி.பி.சி.யின் மறைகேமரா அங்கே நடந்த அடி உதைகளைக் காட்டியது. பதினோரு பணியாளர்கள் குற்றவாளிகளானார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். பார்க்கப் போன குடும்பத்தினரைப் படுக்கையறை வரை விட்டதில்லை. வரவேற்பறைப் பக்கமே உட்கார வைத்துப் பேசவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். எந்த வகை இல்லமாக இருந்தாலும், பிள்ளையின் கட்டில் வரை எப்போது வேண்டுமானாலும் போக முடியாது என்றால், அந்த இல்லத்தின் பெயரை உங்கள் பட்டியலிலிருந்து அங்கேயே அடித்துவிடுங்கள்.

கட்டில் வரை விட்டால் அங்கே பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். பல் துலக்கும் பிரஷ்கள் எல்லாம் பொது டம்ளரில் நிற்கின்றனவா, அவரவர் அறையில் இருக்கின்றனவா? குளியலறைக் கதவு உள்ளிருந்து தாழிட முடிகிறதா? குளிர்பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா? வாசல் மணி அடித்தால் திறப்பது பணியாளர் மட்டுமா, குடியிருப்பவரும் எழுந்து வருகிறாரா? எல்லாரும் ஒரே நேரத்தில் படுக்கப் போக வேண்டும் என்றால் அந்த நேரம் பணியாளர் முறை மாறும் நேரமாகத்தான் இருக்கும். சாயங்காலம் போய்ப் பாருங்கள். காலை பதினோரு மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

பெற்றோர் சேர்ந்து கட்டுவது

ஆறேழு குடும்பங்கள் பணம் போட்டு ஒரு வீட்டை வாங்கி, ஆள் வைத்து நடத்துவது. தெரிந்த பிள்ளைகள், தெரிந்த பெற்றோர் என்பதால் மனசுக்கு நெருக்கமான வழி. தொடங்கிய சில வருஷங்கள் பிரமாதமாக நடக்கும். பிரச்சினை, தொடங்கியவர்கள் எல்லாரும் ஒரே வயதுக்காரர்கள். எழுபத்தைந்தில் எல்லாருக்கும் ஒன்றாக முட்டி வலிக்கும், நிர்வாகத்தை எடுத்துச் செய்ய ஆள் இருக்காது. அப்புறம் ஒரு இடம் காலியானால் அடுத்து யாரைச் சேர்ப்பது, போட்ட பணத்தை வாரிசு திருப்பிக் கேட்டால் என்ன செய்வது, ஒரு பிள்ளையின் கவனிப்புச் செலவு மற்றவர்களைவிட மூன்று மடங்கானால் யார் தருவது — நட்பாக இருக்கும்போது இதையெல்லாம் எழுத்தில் வைக்கக் கூச்சமாக இருக்கும். எழுதுங்கள். வீட்டை ஒரு டிரஸ்டோ சங்கமோ வைத்துக்கொள்ளட்டும், கவனிப்பை வெளியே ஒரு சேவை நிறுவனம் செய்யட்டும். நிறுவனம் சரியில்லை என்றால் ஆட்களை மாற்றலாம், பிள்ளைகள் இடம் மாற வேண்டியதில்லை. இந்தப் பிரிப்பு இருந்தால் இது ஸ்வீடன் முறைக்கு ஏறக்குறைய சமம். இல்லாவிட்டால் நல்ல மனிதர்கள் நடத்தும் இன்னொரு விடுதி.

எந்த வழியானாலும், இன்றைய உடம்பை வைத்து வீட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஞாபக மறதி நோய் மற்றவர்களைவிட மிகச் சீக்கிரம், நாற்பது ஐம்பதுகளிலேயே வரக்கூடும். மூளை முடக்குவாதம் உள்ள பலர் இளமையில் நடந்தாலும் நடுவயதுக்குள் நடை தளர்ந்துபோகும். ஆகவே தரைத்தளம், கதவின் நிகர அகலம் குறைந்தது 80 செ.மீ.; சக்கர நாற்காலி சுற்றித் திரும்ப 150 செ.மீ. வட்டம், படிக்குப் பதில் சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். பிற்பாடு சுவரை இடித்து மாற்றுவதைவிட இப்போதே பார்த்து எடுப்பது மலிவு.

இடம் மாறுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டாம். வாரத்தில் ஒரு இரவு, பிறகு இரண்டு என்று பெற்றோருக்குத் தெம்பு இருக்கும்போதே தொடங்கினால், எது ஒத்துவரவில்லை என்று திருத்தவும் அவகாசம் இருக்கும். அதோடு ஒரு நோட்டு: வலி வந்தால் என்ன செய்வான், எந்தச் சத்தம் ஆகாது, மருந்தை எதில் கலந்தால் விழுங்குவான், பயந்தால் யார் பெயரைச் சொன்னால் அடங்குவான். இது அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. எழுதுவது சிரமமாக இருந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். ஏறக்குறைய எல்லா இல்லங்களின் ஒப்பந்தத்திலும், "எங்களால் கவனிக்க இயலாத நிலை ஏற்பட்டால்" குடியிருப்பவரை வெளியேற்றலாம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மற்ற பக்கங்களைவிட அந்த வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். அந்த நிலை வந்துவிட்டது என்று முடிவு செய்வது யார், எத்தனை நாள் அவகாசம், மாற்று இடம் கிடைக்கும்வரை வைத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அப்படியே, போன தடவை இந்த வரியைக் காட்டி அனுப்பப்பட்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.